எஞ்சினுக்குள் ஓர் உப்பளம்

மண்ணைப் பரிசோதிக்கிறோம். கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஜீவாமிர்தத்தை எத்தனை நாள் வைக்கலாம், எந்த மாட்டுச் சாணம் நல்லது என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் விளைந்ததை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியின் ரேடியேட்டரில் என்ன தண்ணீரை ஊற்றுகிறோம் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? நான் யோசித்ததில்லை. அதற்குக் கொடுத்த விலையையும், பிறகு கற்றுக்கொண்டதையும் எழுதுகிறேன். உங்களில் ஒருவருக்காவது அந்தச் செலவு மிச்சமானால் போதும்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குடியிருப்பது சிறுசேரியில். திருப்போரூர் தாண்டி உள்ளே இரண்டரை ஏக்கர் நிலம். கத்தரி, வெண்டை, நாலைந்து வகைக் கீரை, ஒரு போகம் நெல். வாரத்தில் இரண்டு நாள் காய்கறியை ஏற்றிவந்து சிறுசேரி, நாவலூர் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நேரடியாகக் கொடுக்கிறேன். சிப்காட் ஐ.டி. பூங்கா வந்தபிறகு இங்கே விஷமில்லாத காய் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சொந்தமாக வண்டி இருந்தால்தான் அந்த விலை நம் கைக்கு வரும். இல்லையென்றால் கமிஷன் மண்டி சொல்வதுதான் விலை.

என் வண்டி 2005-ஆம் வருடத்து டீசல் பிக்கப். இரண்டாம் கையாக வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம். தப்பு வண்டியுடையது இல்லை, என்னுடையது. நான் சொல்லப்போவது உங்களிடம் இருக்கிற பொலிரோவுக்கும், டாடா 207-க்கும், பழைய ஜீப்புக்கும், டிராக்டருக்கும் பொருந்தும்.

ஊசி இறங்கியது, நான் நிம்மதி ஆனேன்

இரண்டு வருடத்துக்கு முன்னால், அக்னி நட்சத்திரம் முடிய நாலு நாள் இருக்கும்போது நடந்தது. முந்நூறு கிலோ காய், மேலே ஈரச் சாக்கு போட்ட கீரைக் கட்டுகள். பண்ணையில் எனக்கு உதவியாக இருக்கும் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தையூர் தாண்டும்போது வெப்பமானியின் ஊசி சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது. "சார், ஊசி ஏறுது" என்றான். "கேளம்பாக்கத்துல நிறுத்திப் பார்த்துக்கலாம், கீரை வாடிடும்" என்றேன். கொஞ்ச நேரத்தில் ஊசி தானாகவே இறங்கியது. "பாத்தியா, காத்து பட்டதும் சரியாயிடுச்சு" என்று சொன்னேன்.

காற்றுபட்டு சரியாகவில்லை. ரேடியேட்டர் காலியாகியிருந்தது. வெப்பத்தை அளக்கிற சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான அளவைக் காட்டும். தண்ணீர் இறங்கி அது வெறும் ஆவியில் நிற்கும்போது ஊசி இறங்கிவிடுவது உண்டு. அதாவது, நான் நிம்மதியான அந்த நேரத்தில்தான் எஞ்சின் வெந்துகொண்டிருந்தது. கேளம்பாக்கம் வருவதற்குள் பானெட்டுக்குள்ளிருந்து புகை மாதிரி ஆவி. ஓரம் கட்டினேன்.

அடுத்து நடந்ததைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நான் கதவைத் திறந்து இறங்குவதற்குள் தம்பி பானெட்டைத் தூக்கி, துண்டைச் சுற்றி, ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டான். அவன் கெட்டிக்காரன், எனக்கு உதவி செய்கிற அவசரம். ஆவியும் கொதிநீரும் பீறிட்டு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. அவனைப் பக்கத்துக் கடைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான், நல்ல எண்ணத்தில், ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுவந்து கொதிக்கிற எஞ்சினில் ஊற்றிவிட்டார். 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டதாகத் தம்பி பிறகு சொன்னான்.

தம்பி மூன்று வாரம் வேலைக்கு வர முடியவில்லை. கை தேறிவிட்டது, தோலின் நிறம் மட்டும் இன்னும் சேரவில்லை. கீரை முழுவதும் மாட்டுக்குப் போனது.

பாய் காட்டிய கல்

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு மெக்கானிக் பாயிடம் போனோம். முப்பது வருடமாக டீசல் வண்டி மட்டுமே பார்க்கிறவர். ஹெட்டைக் கழற்றினார். வளைந்திருந்தது, விரிசலும் விட்டிருந்தது. ஹெட் கேஸ்கட் எரிந்திருந்தது. தண்ணீர் ஓடுகிற வழிகளில் ஸ்குரூ டிரைவரை விட்டுச் சுரண்டினார். வெள்ளையும் துருவும் கலந்து ஓடு ஓடாக விழுந்தது. உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"என்ன சார் தண்ணி ஊத்தறீங்க?"

"பண்ணை போர் தண்ணிதான் பாய்."

"கேளம்பாக்கத்துல இருக்கிற உப்பளம் பத்தாதுன்னு எஞ்சினுக்குள்ள ஒண்ணு வச்சிருக்கீங்க."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடற்கரையை ஒட்டிய நம் பகுதியில் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்தத் தண்ணீரின் டி.டி.எஸ். 1,400 என்று ஆய்வகத்துச் சீட்டு வீட்டில் இருக்கிறது. கத்தரி தாங்குமா, நெல் தாங்குமா என்று பார்த்தேன். வண்டி தாங்குமா என்று பார்க்கவில்லை. தண்ணீர் குறைந்தபோதெல்லாம் கைக்கு எட்டிய வாளியில் மொண்டு ஊற்றினோம். ஆறு வருடம்.

ரிப்பேர் செலவு 41,600 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவையும் தம்பியின் மூன்று வாரச் சம்பளத்தையும் அதில் சேர்க்கவில்லை. அது என் கடமை. அந்த ஆறு வருடத்தில் முறையாகக் கூலன்ட் மாற்றியிருந்தால் ஐயாயிரம் ரூபாய்கூட ஆகியிருக்காது.

உள்ளே என்ன நடக்கிறது?

டீசலை எரித்து வருகிற வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்ற வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போகிறது. மிச்சமிருக்கிற பங்கில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் எஞ்சினிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் ரேடியேட்டரில் இறக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு உப்பு இருந்தால், சூடு அதிகமாக இருக்கிற இடத்தில்தான் முதலில் படியும். டீ போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளை படிகிற மாதிரிதான். அந்தப் படிவு, வார்ப்பிரும்பு கடத்துகிற வெப்பத்தில் இருபதில் ஒரு பங்கைக்கூடக் கடத்தாது. ஒரு மில்லிமீட்டர் படிந்தாலும் எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தின மாதிரி.

குளோரைடு உப்பு வேறு வேலை செய்யும். அது உலோகத்தை அரிக்கும். டீசல் எஞ்சினுக்கு மட்டும் இன்னொரு நோயும் உண்டு. உள்ளே டீசல் வெடித்து எரிகிற ஒவ்வொரு தடவையும் லைனர் சுவர் நுணுக்கமாக அதிரும். அந்த அதிர்வில் சுவரை ஒட்டிய தண்ணீரில் சின்னச் சின்ன ஆவிக் குமிழ்கள் தோன்றி, உடனே நசுங்கும். ஒவ்வொரு குமிழும் நசுங்கும்போது ஓர் உளி கொத்து. வருடக்கணக்கில் கொத்திக் கொத்தி லைனரில் ஊசித் துளை விழுந்துவிடும். தண்ணீர் நேராக லைனரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற எஞ்சின்களில் இது அதிகம். டீசலுக்கான நல்ல கூலன்ட்டில் இருக்கிற மருந்து, லைனரின் மேல் மெல்லிய ஒரு பூச்சாக நின்று இதைத் தடுக்கிறது. நம் ஊரில் பனியா கொட்டுகிறது, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நாம் கூலன்ட் ஊற்றுவது உறையாமல் இருக்க அல்ல, அரிக்காமல் இருக்க.

எந்தத் தண்ணீர்?

கேட்டர்பில்லர் போன்ற பெரிய டீசல் எஞ்சின் தயாரிப்பாளர்கள், கூலன்ட்டோடு கலக்கிற தண்ணீருக்கு ஓர் அளவு சொல்கிறார்கள். ஒரு லிட்டரில் கடினத்தன்மை 170 மில்லிகிராமுக்கும், குளோரைடு 40-க்கும், மொத்தக் கரைந்த உப்பு 340-க்கும் மேல் போகக்கூடாது. நாம் குடிக்கிற தண்ணீருக்கே இந்தியத் தர நிர்ணயம் 500 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்று சொல்கிறது. அப்படியென்றால் குடிக்கலாம் என்கிற தண்ணீர் எல்லாம் எஞ்சினுக்கு ஆகாது. 2019 கோடையில் பழைய மகாபலிபுரம் சாலைக் குடியிருப்புகள் எல்லாம் லாரித் தண்ணீரை நம்பி நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த லாரித் தண்ணீரும் பெரும்பாலும் எங்கோ ஒரு போர் தண்ணீர்தானே.

முதல் தேர்வு, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். இல்லையென்றால் சுத்தமான மொட்டை மாடியில் பிடித்த மழைத்தண்ணீர். 2003-இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. குழாய் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. முதல் மழையின் அழுக்கை ஓடவிட்டு, அடுத்த மழையில் துணியில் வடிகட்டி இரண்டு கேன் பிடித்து மூடிவைத்தால் வருடத்துக்குப் போதும். டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பாருங்கள். போர் தண்ணீருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. உப்பில்லாத தண்ணீரைத் தனியாக ஊற்றி ஓட்டினாலும் இரும்பு துருப்பிடிக்கும். தண்ணீர் பாதி வேலை, கூலன்ட் மீதி வேலை.

கூலன்ட் வாங்கும்போது

கடையில் இரண்டு விதம் இருக்கும். ஒன்று, தண்ணீர் கலந்து வருவது; அப்படியே ஊற்ற வேண்டும். இன்னொன்று, கெட்டியானது, தண்ணீர் கலக்க வேண்டும். லேபிளைப் படிக்காமல் வாங்கினால் ஒன்று நீர்த்துப்போகும், இல்லை கெட்டியாகவே உள்ளே போகும். கெட்டியாக ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள். கூலன்ட்டில் இருக்கிற கிளைக்கால், எடைக்கு எடை பார்த்தால் தண்ணீர் சுமக்கிற வெப்பத்தில் 60 சதவீதத்தைக்கூடச் சுமக்காது. வெப்பத்தைச் சுமப்பது தண்ணீர். காவல் காப்பது கூலன்ட். நம் வெயிலுக்கு மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், இரண்டு பங்கு தண்ணீர் எனக்கு நன்றாக வேலை செய்கிறது. உங்கள் வண்டிக் கையேடு பாதிக்குப் பாதி என்று சொன்னால் அப்படியே செய்யுங்கள்.

நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயம்தான். பழைய வகைக் கூலன்ட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புது வகை நாலைந்து வருடம் தாங்கும். இரண்டையும் கலக்கக்கூடாது. பித்தளை ரேடியேட்டரில் ஈயப் பற்று இருக்கும். அதற்குச் சில புது வகைகள் ஒத்துக்கொள்ளாது. வண்டிக் கையேட்டில் என்ன வகை சொல்லியிருக்கிறதோ அதுவே சரி.

உள்ளே இருக்கிற கூலன்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. மண்ணுக்கு வாங்கி வைத்த பி.எச். தாளை, ஆறின ரேடியேட்டரில் நனைத்துப் பாருங்கள். புதுக் கூலன்ட் பெரும்பாலும் 8-க்கு மேல் காட்டும். 7-ஐ நோக்கி இறங்கிவிட்டால் மருந்து தீர்ந்து அமிலமாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிறம் அழகாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கழுவும் முறை

ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக ஒதுக்குங்கள். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் ஆற வேண்டும் என்பதால் அவசரத்தில் ஆகிற வேலை இல்லை.

கழுவுவதற்கு முன்னால் இரண்டு சோதனை. ஆறின எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழ் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அடுத்து, ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஆயிலோடு கலந்திருக்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் கழுவிப் பயனில்லை, மெக்கானிக்கிடம் போங்கள்.

இரண்டும் நன்றாக இருந்தால்:

1. எஞ்சின் முழுக்க ஆறியபின், கீழே அகலமான தொட்டி வைத்து ரேடியேட்டரின் அடிக் குழாயைத் திறங்கள். எஞ்சின் பிளாக்கிலும் ஒரு வடிகால் திருகு இருக்கும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். சேறு தங்குவதே அங்கேதான். வருகிற கூலன்ட்டை ஒரு சொட்டு விடாமல் பிடியுங்கள். அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

2. திருகுகளை மூடி, சுத்தமான தண்ணீர் ஊற்றி, ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் திறந்துவைத்து, ஊசி வழக்கமான இடத்துக்கு வரும்வரை ஓட்டுங்கள். ஆறவிட்டு வடியுங்கள். வெறும் துரு நீர் என்றால் இப்படி இரண்டு மூன்று தடவை போதும்.

3. வெள்ளைப் படிவு இருந்தால் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். ஒரு லிட்டருக்கு 25 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து ஊற்றி, எஞ்சின் சூடானபின் அரைமணி நேரம் மெதுவாக ஓடவிடுங்கள். ஆறியதும் வடியுங்கள். ராத்திரி முழுக்க உள்ளே விடாதீர்கள். அலுமினிய ரேடியேட்டர் என்றால் இந்த வைத்தியம் வேண்டாம். வெறும் தண்ணீரோடு நிறுத்துங்கள். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை எந்த எஞ்சினிலும் ஊற்றாதீர்கள். உப்போடு சேர்த்து உலோகத்தையும் தின்றுவிடும்.

4. ஆப்பசோடா இரண்டு ஸ்பூன் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டி வடித்தால் மிச்சமிருக்கிற அமிலம் முறிந்துவிடும். பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஊற்றுகிற தண்ணீரும் வெளியே வருகிற தண்ணீரும் பி.எச். தாளில் ஒரே நிறம் காட்டும்வரை அலச வேண்டும்.

5. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஒரு பழைய பாத்திரத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன்மேல் 82 என்று பொறித்திருந்தால் 82 டிகிரிக்குப் பக்கத்தில் திறக்க ஆரம்பிக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் புதிது வாங்குங்கள்.

6. திரும்ப நிரப்பும்போது ஒரு சூட்சுமம். எவ்வளவு வடித்தாலும் பிளாக்கில் கொஞ்சம் அலசின தண்ணீர் தங்கிவிடும். அதனால் முன்கூட்டியே கலந்து ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். மொத்தக் கொள்ளளவு 9 லிட்டர் என்றால், முதலில் 3 லிட்டர் கெட்டிக் கூலன்ட்டை ஊற்றுங்கள். பிறகு நிறையும்வரை நல்ல தண்ணீர். மெதுவாக ஊற்றுங்கள். மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள், அடைபட்ட காற்று வெளியேறும். மூடியைத் திறந்துவைத்தே சூடாக்கி, மட்டம் இறங்க இறங்க நிரப்பி, பிறகு மூடுங்கள்.

ஒன்றை மறைக்கக்கூடாது. ரொம்பப் பழைய ரேடியேட்டரில் துளையை அந்த உப்பே அடைத்துக்கொண்டிருக்கும். கழுவினபிறகு ஒழுக ஆரம்பிக்கலாம். கழுவியதால் வந்த ஓட்டை இல்லை, கழுவியதால் தெரிந்த ஓட்டை. பித்தளை ரேடியேட்டர் என்றால் ரேடியேட்டர் கடையில் மேல் தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, பற்று வைத்துக் கொடுப்பார்கள். ரோட்டில் ஒழுகுவதைவிட வீட்டில் ஒழுகுவது மேல்.

என் வண்டியில் தெர்மோஸ்டாட்டே இல்லை. முன்னால் வைத்திருந்தவர் கழற்றிப் போட்டிருக்கிறார். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு" என்கிற வைத்தியம் இன்னும் நடக்கிறது. அது இல்லாவிட்டால் எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராமல் டீசல் சரியாக எரியாது. சிலிண்டர் சீக்கிரம் தேயும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, சூடு இன்னும் ஏறும். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற கதைதான்.

ஆயா கேட்ட கேள்வி

முதல் தடவை பண்ணையில் வைத்துக் கழுவியபோது, வடித்த பச்சைத் திரவத்தைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டுபோய் வரப்போரக் கால்வாயில் சாய்க்கப் போனேன். பக்கத்து நிலத்து ஆயா ஆடு ஓட்டிக்கொண்டு வந்தார். "இன்னா சார் அது, பச்சப்பசேர்னு? ஆடு வாய் வெச்சா இன்னா ஆவறது?" என்று கேட்டார்.

கை நின்றுவிட்டது. ஒரு சொட்டுப் பூச்சிமருந்து அடிக்காத நிலம் என்று குடியிருப்புகளில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறவன் நான். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். அதனால்தான் நாயும் பூனையும் நக்கும். உடலுக்குள் அது ஆக்ஸாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்து கொல்லும். ஒரு பூனைக்கு ஒரு தேக்கரண்டி போதும். ஆடு மாட்டுக்கும் ஆபத்துதான். கிளைக்கால் மண்ணில் சில நாள், சில வாரத்தில் சிதைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் பழைய கூலன்ட்டில் ரேடியேட்டரின் ஈயமும் செம்பும் கரைந்திருக்கும்; ஈயம் சிதையாது, மண்ணிலேயே தங்கும்.

அந்தத் திரவத்தை அப்படியே கேனில் ஊற்றி, இறுக மூடி, 'விஷம்' என்று எழுதி, ஆள் கை எட்டாத இடத்தில் வைத்தேன். கழிவுநீர் சுத்திகரிப்பு வசதி உள்ள ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில் கேட்டு அங்கே ஒப்படைத்தேன். நீங்களும் வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே இப்படி ஓர் இடத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அலசின முதல் தண்ணீரும் இதில் சேர்த்திதான். தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் யாராவது குடித்துவிடுவார்கள். தரையில் சிந்தினால் மணல் போட்டு வாரி எடுங்கள். வேலை முடியும்வரை நாயைக் கட்டிப் போடுங்கள்.

வாடிக்கையாகப் பார்க்க வேண்டியவை

காலையில் கிளம்புமுன்: மட்டம் எவ்வளவு இருக்கிறது? வண்டிக்குக் கீழே ஈரம் இருக்கிறதா? இரண்டு நிமிடம் போதும். மட்டம் அடிக்கடி இறங்கினால் ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். எங்கே போகிறது என்று தேடுங்கள்.

மாதம் ஒருமுறை: ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கலாம், அதற்கு மேல் தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். ஹோஸை அமுக்கிப் பாருங்கள். கொழகொழவென்றோ, வெடித்தோ, உப்பியோ இருந்தால் மாற்றுங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் சொட்டினால் பம்ப் போகப்போகிறது என்று அர்த்தம்.

அறுவடைக் காலத்தில் வாரம் ஒருமுறை: ரேடியேட்டரின் முகப்பில் வைக்கோல் தூசும் பூச்சியும் அடைத்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும்.

வருடம் ஒருமுறை: மூடி. மூடிதானே என்று விடாதீர்கள். அதில் 0.9 என்று எழுதியிருந்தால் அந்த அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் காய்ந்து அழுத்தம் நிற்காவிட்டால் 100-லேயே கொதித்து வெளியேறும். புது மூடி வாங்கும்போது அதே எண் உள்ளதை வாங்குங்கள்.

நடுரோட்டில் சூடானால்

ஊசி ஏறினாலும், திடீரென்று காரணமில்லாமல் இறங்கினாலும் ஓரம் கட்டுங்கள். ஆவி வந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். பானெட்டைத் தூக்கிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மூடியை யாரும் தொடக்கூடாது. கூட வருகிறவர்களுக்கு வீட்டிலேயே சொல்லி வையுங்கள். அழுத்தத்தில் இருக்கிற கொதிநீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகப் பொங்கும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆற ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஆறியபின் ஈரத்துணி போட்டு முதல் பல் வரை திருகி, அழுத்தம் போனபிறகே கழற்றுங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றவே கூடாது. ஹெட் விரிசல் விடும்.

யாருக்காவது வெந்துவிட்டால் ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், இட்லி மாவு எதுவும் தடவாதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தம்பியின் கையில் பேஸ்ட் தடவ இரண்டு பேர் ஓடிவந்தார்கள். குழாயடியை விட்டு நகராமல் நின்றதுதான் நான் அன்றைக்குச் செய்த ஒரே சரியான காரியம்.

வங்கியில் இருந்தபோது, வராமல் போகக்கூடிய கடனுக்கு லாபத்திலிருந்து முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கி வைப்போம். கடன் வராமல் போனபிறகு ஒதுக்கி என்ன பயன்? இந்த விதியை எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொன்ன நான், என் வண்டிக்கு ஒதுக்கவில்லை. இப்போது பண்ணைக் கணக்குப் புத்தகத்தில் வண்டிக்கு ஒரு பக்கம். கூலன்ட் மாற்றிய தேதி, பி.எச்., எத்தனை லிட்டர், யார் பார்த்தது எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பக்கத்தை எழுதுவது தம்பி. ரேடியேட்டர் மூடிக்குப் பக்கத்தில் அவனே சிவப்பு பெயின்ட்டில் எழுதியிருக்கிறான்: "ஆறட்டும்."

இந்த வருடக் கத்தரி வெயிலை வண்டி தாண்டிவிட்டது. ஊசி நடுவிலேயே நிற்கிறது. உங்கள் வண்டியின் கூலன்ட்டைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? தேதி நினைவுக்கு வரவில்லை என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிடுங்கள்.